இடப்பக்கப் பாக்கெட்

அந்த ஜாக்கெட் மட்டும் கோணலாகத் தொங்கியது.

முதுகில் சிலிண்டர் மாட்டி முக்குளிக்கப் போட்டுக்கொள்ளும் மற்ற பதினோரு ஜாக்கெட்டுகளும் கம்பியில் தோள் மட்டம் தப்பாமல் வரிசையாகத் தொங்க, கடைசியில் இருந்த நீலக்கரை போட்ட கறுப்பு ஜாக்கெட் இடது தோளைத் தாழ்த்தி, ஹேங்கரையும் தன்னோடு சாய்த்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மதியம் மூன்று மணி. கச்சிபௌலியின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அந்தக் குளக்கூடத்தில் மழைச் சத்தம் காதை அடைத்தது. குளோரின் வாசம், நனைந்து சரியாகக் காயாத ரப்பர் உடைகளின் புழுக்க வாசம், பக்கத்து அறையில் சிலிண்டர்களுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரின் உறுமல், எல்லாமே உஷாவுக்கு நான்கு வருடப் பழக்கம். வாரம் முழுக்க ஆபீசில் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடித்துக் கெட்ட பெயர் வாங்குவதுதான் அவள் உத்தியோகம். சனிக்கிழமையானால் இங்கே வந்து, யாரும் பேச முடியாத தண்ணீருக்கடியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவாள். எட்டு மாதமாக வரவில்லை. பயிற்சியாளர் ஃபெலிக்ஸ் போன் செய்து, ஒரு புது ஆளுக்கு ஜோடியாக இறங்க முடியுமா என்று கேட்டதால்தான் இன்று வந்திருந்தாள்.

பழக்கதோஷத்தில் ஹேங்கரை நேராக்கினாள். கையை எடுத்ததும் அது மெல்லச் சாய்ந்து பழைய கோணத்துக்கே போனது. வலது பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள், காலி. இடது பாக்கெட்டின் பக்கம் கை போனபோது, அதன் அடி ஓரத்திலிருந்து ஒரு சொட்டு நீர் திரண்டு தரையில் விழுந்தது. பக்கத்து ஜாக்கெட்டுகள் எல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருந்தன.

அப்போதுதான் காலர் ஓரத்தில் வெள்ளை மையால் எழுதியிருந்த 'உ' கண்ணில் பட்டது. அது அவளே எழுதியது. ஜாக்கெட் அவளுடையது. அதைக் கடைசியாக அவள் பார்த்தது ரோகிணியின் உடம்பில்.

"போலீசுல இருந்து திருப்பிக் குடுத்துட்டாங்க. உங்ககிட்ட குடுக்கணும்னு நெனச்சு நெனச்சு, நானே வெச்சுட்டேனுங்க."

பின்னால் ஆனந்தகுமார் நின்றிருந்தார், ரோகிணியின் கணவர். வாடகைக்கு எடுத்த ரப்பர் உடை அவருடைய பெரிய உடம்பில் கழுத்துவரை பிதுங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். நீச்சலே அரைகுறை என்று ரோகிணி அவரைக் கேலி செய்வாள்.

"புது ஆள் நீங்கதானா?" என்றாள் உஷா.

"நானேதானுங்க. நவம்பர்ல வருஷம் திரும்புது. அவ போன எடத்துல ஒருவாட்டி எறங்கிப் பாக்கணும்னு தோணுச்சு. உங்ககூடத்தான் எறங்குவேன்னு ஃபெலிக்ஸ் கிட்ட சொல்லிட்டேன். அவளுக்கும் நீங்கதானே ஜோடி."

ரோகிணியும் வேலை பார்த்த ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. போன நவம்பரில், மேற்குக் கரையில் ஒரு சின்னத் தீவுக்குப் படகில் போனார்கள். எடை கோத்த பெல்ட் இடுப்பெலும்பில் குத்துகிறது என்று ரோகிணி முகம் சுளித்தாள். உஷா தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதில் எடை வைக்க இடுப்புக்கு இரண்டு பக்கமும், கைப்பிடியை இழுத்தால் கழலும் பையோடு பாக்கெட் உண்டு, பெல்ட் தேவையில்லை. ரோகிணியின் பெல்ட்டையும் சாதா ஜாக்கெட்டையும் உஷா மாட்டிக்கொண்டாள். மேலே வரும்போது அலை பெரிதாகிவிட்டது. ரோகிணி தண்ணீர் குடித்துவிட்டாள். உஷா நீந்திப் போவதற்குள் மூழ்கிவிட்டாள். சொந்த ஜாக்கெட்டையே கழற்றிக் கொடுத்தாளே, என்ன மனசு என்று சாவு வீட்டில் உஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு.

அந்தக் கதையில் உஷா சேர்க்காத ஒன்று இருந்தது. அந்த ஜாக்கெட்டின் இடது பாக்கெட்டில் கொக்கி சரியில்லை. கைப்பிடியை நேராக இழுத்தால் வராது. ஒரு அரைச் சுற்று திருப்பி, பிறகு மேலே தூக்க வேண்டும். அன்று காலை அவளுக்கே அது இரண்டு தடவை அடம்பிடித்தது. கடலைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ரோகிணி பெல்ட் குத்துகிறது என்றாள்.

ஃபெலிக்ஸ் வந்து பெஞ்சின் மேல் ஒரு பெல்ட்டையும் நாலைந்து ஈயக்கட்டிகளையும் பரப்பினான். தூத்துக்குடிக்காரன். உடம்பில் பாதி உப்பு என்று தானே சொல்லிக்கொள்வான்.

"அண்ணே, தண்ணி நம்மள மேல தூக்கும். கீழ போக ஈயம் வேணும். ஆபத்துன்னா அந்த ஈயத்தத் தூக்கிப் போட்டுட்டு மேல வரணும். அதனால எப்படிச் சுமக்கப் போறோம்ங்கிறதுதான் பெரிய கேள்வி. பெல்ட்டுன்னா கட்டி அம்புட்டும் கண்ணுக்குத் தெரியும். ஒத்தக் கையால கொக்கியத் தட்டுனா மொத்தமும் போயிரும். இடுப்பு வலிக்கும், அதான் ஒரே தொல்லை. பாக்கெட்டுன்னா சொகம். ஆனா ரெண்டு பக்கமும் இழுக்கணும், ரெண்டு பையும் கழலணும். உள்ள என்ன கெடக்குன்னு கையை விட்டாத்தான் தெரியும்."

"பெல்ட்டே நல்லது. புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதான் சரி" என்றாள் உஷா, கொஞ்சம் அவசரமாக.

"அவ போட்டதையே நானும் போட்டுக்கறேனுங்க" என்றார் ஆனந்தகுமார். ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்து, இடது கைப்பிடியை நேராக இழுத்துக் காட்டினார். அது அசையவில்லை. "இந்தப் பக்கம் மட்டும் வரவே மாட்டேங்குது. வீட்ல எத்தனையோவாட்டி இழுத்துப் பாத்துட்டேன். உங்களுக்கு இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்குதுங்களா உஷா?"

கூரையில் மழை ஒரு கணம் ஓய்ந்ததுபோல் இருந்தது. சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"இல்ல. எனக்கு நல்லாத்தான் வந்துச்சு. உப்பு புடிச்சிருக்கும்."

ஆனந்தகுமார் தலையாட்டினார். ஃபெலிக்ஸ் பாக்கெட்டை வெளியிலிருந்து அமுக்கிப் பார்த்தான். "உள்ள ஒண்ணுமில்ல, சப்பையாத்தான் கெடக்கு. இன்னிக்கு எடை மட்டும் பாப்போம். கொக்கிய அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணிருவோம்" என்றான்.

"நானே பண்றேன். என் ஜாக்கெட்தானே" என்றாள் உஷா.

எடை பார்ப்பது சுலபமான வேலை. கழுத்தளவு தண்ணீரில், காலை அசைக்காமல், மூச்சை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். தண்ணீர் கண் மட்டத்தில் நின்றால் எடை சரி. ஆனந்தகுமாரின் உடம்புக்கு எப்படியும் நாலைந்து கிலோ பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, ஃபெலிக்ஸ் வலது பாக்கெட்டில் நான்கு கிலோ வைத்தான். ஆள் கல் மாதிரி உள்ளே போனார். இரண்டை எடுத்தான். அப்போதும் போனார். கடைசியில் ஒரு கட்டியும் இல்லாமல், மூச்சு நிறையக் காற்றோடு நின்றார். தண்ணீர் மோவாயைத் தாண்டியது, மூக்கைத் தாண்டியது, கண்ணைத் தாண்டியது. இடது தோள் முதலில் தாழ, உடம்பு அந்தப் பக்கமே சரிந்தபடி அவர் மெதுவாகக் கீழே போனார்.

"அண்ணே, உங்க எலும்பே ஈயம்போல" என்று ஃபெலிக்ஸ் சிரித்தான். சிரித்துவிட்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். உஷா சிரிக்கவில்லை. தண்ணீருக்குள் அந்த இடது பாக்கெட், நிறையத் திணித்த தலையணை உறை மாதிரி உப்பியிருந்தது.

அவர் கரையேறியபோது அது மறுபடி சப்பையாகிவிட்டது.

*

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆபீசிலிருந்து கிளம்பினாள். கைப்பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் சிலிக்கான் கிரீசும் இருந்தன. கொக்கியைச் சரி செய்துவிட்டால் போதும். கொக்கி சரியாகிவிட்டால் அது எப்போதுமே சரியாக இருந்ததாகத்தானே அர்த்தம். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

குளக்கூடத்தில் யாருமில்லை. கம்ப்ரஸர் ஓடவில்லை. காவல்காரன் வாசலில் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே போகச் சொல்லித் தலையை மட்டும் ஆட்டினான். உடை மாற்றும் அறையின் உயரமான ஜன்னல் வழியாக மழைக்கால வெளிச்சம் சாம்பல் நிறத்தில் வழிந்தது. குளத்துத் தண்ணீர் எங்கோ ஒரு மூலையில் தொட்டிச் சுவரை நக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஜாக்கெட் அதே கோணத்தில் தொங்கியது. அதன் அடியில் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. நான்கு நாளாகியும் காயவில்லை. குனிந்தபோது குளோரின் வாசம் வரவில்லை. கடல் வாசம் வந்தது. படகு டீசலும் உப்பும் கலந்த, அந்தக் காலையின் வாசம்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கனம் தொடையை அழுத்தியது. கைப்பிடியைப் பற்றி, ஒரு அரைச் சுற்று திருப்பி, மேலே தூக்கினாள். வரவில்லை. இன்னொரு தடவை. வரவில்லை. கிரீஸ் தடவினாள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினாள். உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அது விறைத்து நின்றது.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று துணியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சின்னச் சின்னக் கட்டிகள் தட்டுப்பட்டன. யாரோ அரைக் கிலோக் கட்டிகளைப் போட்டு மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள், நினைத்ததும் மூச்சு இலேசானது. விரலால் தடவி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் இருந்தன. ஐந்தாவது கொஞ்சம் தள்ளி, தனியாக, பக்கவாட்டில் இருந்தது.

ஈயம் அமுங்காது. இது அமுங்கியது. அமுங்கிவிட்டு, அவளுடைய விரலைத் திருப்பி அமுக்கியது.

ஜாக்கெட் தரையில் விழுந்தது. உஷா எழுந்து நின்றதும், சுவரில் முதுகு முட்டியதும் அவளுக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது முழுதாக நினைவுக்கு வந்தது.

அவள் போவதற்குள் ரோகிணி மூழ்கிவிடவில்லை. அவள் போய்ச் சேர்ந்தாள். ரோகிணி உயிரோடு, கண்ணைத் திறந்துகொண்டு, வாயில் நுரையோடு இருந்தாள். உஷாவின் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். உஷாவின் கை பழக்கத்தில் பெல்ட் கொக்கியைத் தேடியது, பெல்ட் இல்லை. பெல்ட் உஷாவின் இடுப்பில்தான் இருந்தது. பிறகு பாக்கெட்டைத் தேடி வலது பக்கத்தை இழுத்தாள், வந்தது. இடது பக்கம் வரவில்லை. அரைச் சுற்று திருப்பிப் பார்க்க வலது கை வேண்டும். அந்தக் கை ரோகிணியின் பிடியில் இருந்தது. அலை இரண்டு பேரையும் சேர்த்து அமுக்கியது. உஷாவின் வாய்க்குள்ளும் தண்ணீர் போனது. பயந்தவர் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று பாடத்தில் சொல்லித்தந்திருந்தார்கள். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் ஆரம்பித்தாள். சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டி விரல். கடைசியில் கட்டைவிரல். ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிரித்துவிட்டாள்.

ஜாக்கெட்டைக் காலாலேயே பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் காவல்காரன் போனை அணைத்துவிட்டுத் தரையைக் காட்டினான். "க்யா மேடம், ஃபர்ஷ் பூரா கீலா கர் தியே" என்றான், தரையெல்லாம் ஈரமாக்கிவிட்டீர்களே என்று. அவள் திரும்பிப் பார்த்தாள். அறைக் கதவிலிருந்து அவள் நிற்கும் இடம்வரை, அவளுடைய வலது கைப் பக்கமாகவே, சொட்டுச் சொட்டாக நீர் ஒரு கோடு போட்டிருந்தது. குடை இடது கையில் இருந்தது. அதுவும் விரிக்காத குடை.

சாயங்காலம் ஃபெலிக்ஸ் போன் செய்தான். "மேடம், கொக்கி சரியாயிருச்சா? இல்லேன்னா நான் இன்னிக்கே பிரிச்சுப் பாத்துருதேன்."

பிரித்துப் பார்ப்பான். அவளை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்பான். உள்ளே இருப்பது வெளியே வரும்.

"சரியாயிடுச்சு ஃபெலிக்ஸ். கிரீஸ் போட்டேன். இப்ப நல்லா வருது."

"நீங்க பாத்தாச் சரிதான்" என்று அவன் வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை, ஆபீசின் பெரிய மேஜையில் எட்டுப் பேரோடு உட்கார்ந்திருந்தபோது ஆனந்தகுமாரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. படகில் யாரோ எடுத்தது. ரோகிணி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். உஷா குனிந்து அவளுக்கு ஜாக்கெட் பாக்கெட்டை மாட்டிவிடுகிறாள். கீழே ஒரே ஒரு வரி. 'உங்களுக்குப் பிடிக்கும்னு அனுப்பினேன்.' உஷா படத்தைப் பெரிதாக்கினாள். தன் கை இடது கைப்பிடியின் மேல் இருப்பதைப் பார்த்தாள். மணிக்கட்டு அரைச் சுற்று திரும்பியிருந்தது. மெல்ல நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் யாரோ அவளிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க, போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தாள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனால் நாலரை மீட்டர் ஆழக் குளம், மேலே ஃபெலிக்ஸ், சிலிண்டர் நிறையக் காற்று. அங்கே யாருக்கு என்ன ஆகிவிடும். நாளைக்கு ஒரு நாள் தாண்டிவிட்டால், அவருக்கு ஒரு புது ஜாக்கெட் வாங்கிக் கொடுத்து, இதை மூட்டை கட்டி எங்கேயாவது போட்டுவிடலாம்.

*

சனிக்கிழமை மழை இல்லை. வெளிச்சமும் இல்லை. மேகம் தகரக் கூரையில் வந்து உட்கார்ந்ததுபோல் கூடம் இருண்டு கிடந்தது, மூன்று மணிக்கே குழல்விளக்குகளைப் போட்டிருந்தார்கள். உஷா பெல்ட் கட்டிக்கொண்டாள். நான்கு கட்டிகள், இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக. கோத்தபின் குனிந்து ஒருதரம் எண்ணினாள், விரலால் தடவி இன்னொருதரம் எண்ணினாள்.

இறங்குமுன் ஜோடிகள் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். ஜாக்கெட்டில் காற்று ஏறுகிறதா, எடை கழலுமா, வார்கள் இறுக்கமா, சிலிண்டர் திறந்திருக்கிறதா. ஆனந்தகுமார் அவளுடைய பெல்ட் கொக்கியைப் பார்த்து, சரி என்றார். இப்போது அவள் முறை. வலது கைப்பிடியைத் தொட்டாள். இடது கைப்பிடியைத் தொட்டாள். துணி சில்லென்று இருந்தது.

"வருமுங்களா?" என்றார் அவர்.

ஃபெலிக்ஸ் பக்கத்தில் நீச்சல் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆனந்தகுமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. ஒரு பதிலுக்காக எட்டு மாதம் வரிசையில் நின்ற களைப்புத்தான் இருந்தது. அதைப் பார்க்க உஷாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"வரும்" என்றாள்.

"அன்னிக்கும் வந்திருக்கும், இல்லீங்களா?"

"வந்திருக்கும். நான் போறதுக்குள்ள..." என்று ஆரம்பித்து, மிச்சத்தை விழுங்கினாள்.

"சரிங்க" என்றார் அவர். சிலிண்டர் காற்று வரும் ரெகுலேட்டரை வாயில் கடித்துக்கொண்டார். அதற்குமேல் பேச வழியில்லை.

இறங்கினார்கள். ஃபெலிக்ஸ் மேலே குப்புற மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் எல்லாச் சத்தமும் அடங்கி, தன் மூச்சு மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்டது. உள்ளே இழுக்கும்போது ஒரு சீறல், வெளியே விடும்போது குமிழிகளின் கலகலப்பு. நீல ஓடுகள் பதித்த அடித்தளம் மெல்ல மேலே வந்தது. ஆனந்தகுமார் அவளுக்கு முன்னால் இறங்கினார். இடது தோள் முன்னால். ஒரு கட்டி ஈயம்கூட இல்லாத பாக்கெட் உப்பி, அவரை ஒரு குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல் கீழே கூட்டிப் போனது.

அடியில் மண்டியிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இன்றைய பாடம் எடையைக் கழற்றுவது. அவர் வலது பையை இழுத்தார், கழன்றது. இடது பையை நேராக இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். வரவில்லை.

அவர் பதறவில்லை. இரண்டு கையையும் அகல விரித்து, இடுப்பை அவளுக்குக் காட்டினார். நீ எடு.

உஷா மேலே பார்த்தாள். ஃபெலிக்ஸின் நிழல், அதற்குமேல் குழல்விளக்குகளின் வெள்ளைக் கோடுகள். நாலரை மீட்டர். ஆறு மூச்சு. எடுக்கத் தெரியாததுபோல் நேராக இழுத்துவிட்டு, வரவில்லை என்று கையை ஆட்டிவிடலாம். நேராக இழுத்தாள். இழுத்தபோது அவருடைய மூச்சு நின்றது. ஒரு குமிழி வரவில்லை. இரண்டு குமிழி வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் அகன்றன. ரெகுலேட்டர் வாயில்தான் இருந்தது, காற்று இருந்தது, ஆனால் ஏதோ அவரை இடது பக்கமாக வளைத்து ஓடுகளோடு அழுத்திக்கொண்டிருந்தது.

இன்னொரு தடவை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவளுடைய கை தானாகத் திரும்பியது. ஒரு அரைச் சுற்று. பிறகு மேலே.

முதல் தடவையிலேயே வந்தது.

பை கழன்று ஓடுகளின் மேல் விழுந்தது. சத்தமே இல்லை. அது காலிப் பை. ஆனந்தகுமார் நிமிர்ந்தார், மூச்சுவிட்டார். குமிழிகள் கொட்டின. அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பியிருந்த மணிக்கட்டைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். ஒருதரம். தெரிந்துகொண்ட தலையாட்டல்.

பிறகு அவர் பார்வை இன்னும் கீழே, திறந்துகிடந்த பாக்கெட்டின் வாய்க்குப் போனது. அங்கேயே நின்றது.

உஷா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கை வரவில்லை.

விரல் நுனிகள் பாக்கெட்டுக்குள் இருந்தன. அவளாக நுழைக்கவில்லை. அவை உள்ளே இருந்தன. இப்போது உள்ளங்கை. இப்போது மணிக்கட்டு. ஒரு சாண் ஆழப் பாக்கெட். அதற்குள் கை போய்க்கொண்டே இருந்தது. உள்ளே தண்ணீர் வேறாக இருந்தது. குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பு. இது குளிர். இதில் ஓட்டம் இருந்தது. அலை இருந்தது.

ஆனந்தகுமார் மார்பு வாரைக் கழற்றினார். இடுப்பு வாரைக் கழற்றினார். ரெகுலேட்டரைத் துப்பினார். ஜாக்கெட்டிலிருந்து தோளை உருவிக்கொண்டு, காலை உதைத்து, அம்பு மாதிரி மேலே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ஃபெலிக்ஸின் நிழல் பதறி அவர் பக்கம் பாய்ந்தது. இரண்டு நிழலும் கரைப்பக்கம் நகர்ந்தன. மேலே வெள்ளைக் கோடுகள் மட்டும் மிஞ்சின.

ஜாக்கெட் விழவில்லை. ஆளில்லாத ஜாக்கெட், அவளுக்கு எதிரே, நின்ற நிலையில் நின்றது. இடது தோளைத் தாழ்த்திக்கொண்டு.

பெல்ட். பெல்ட் இருக்கிறது. ஒரு கை போதும். இடது கையால் கொக்கியைத் தட்டினாள். சொல்லித்தந்தபடியே அது திறந்தது. பெல்ட் நழுவித் தொடையில் உரசி விழுந்தது. நான்கு கட்டிகள். ஓடுகளின் மேல், கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி. நான்கும் கிடந்தன.

அவள் மேலே போகவில்லை.

காலை உதைத்தாள். போகவில்லை. தான் போட்டிருந்த ஜாக்கெட்டில் காற்றை நிரப்பினாள். அது மார்பை நெரித்தது. போகவில்லை.

உள்ளே, குளிரில், ஏதோ மணிக்கட்டைத் தொட்டது. தடவியது. ஜோடி இறங்குமுன் சோதித்துப் பார்ப்பதுபோல், நிதானமாக, சரியான இடத்தைத் தேடியது. அந்த இடம் உஷாவுக்குத் தெரியும்.

சுண்டுவிரல் முதலில் வந்து படிந்தது.

மோதிரவிரல்.

நடுவிரல்.

ஆள்காட்டி விரல்.

அவள் ரெகுலேட்டருக்குள் கத்தினாள். சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், கொக்கியை, அலையை, விரல்களை. எல்லாம் குமிழியாகி மேலே போய் உடைந்தன.

கட்டைவிரல்.

பிடித்த கை ஒரு அரைச் சுற்று திரும்பியது. அவளுடைய முழங்கையைச் சுற்றி, பாக்கெட்டின் வாய் மெல்ல மூடியது.